தெரிந்தவளுக்கு வகுப்பில் என்ன வேலை

எல்லாம் தெரியுமென்றால் எதற்குக் கல்லூரிக்கு வருகிறீர்கள்?

இதைக் கேட்டவர், எனக்குக் கன்னடம் சொல்லித் தந்திருக்க வேண்டிய ஆசிரியை. துறைத் தலைவரின் அறையில், அவர் காதில் விழும்படி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு சட்னிக்குத் தேங்காய் துருவும்போதும் பாப்பாவுக்குத் தலை பின்னும்போதும் பல பதில்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கோபமாகவும் சொல்லிப் பார்த்தேன், பணிவாகவும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் உண்மையான பதிலாக இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். பாப்பாவை நர்சரியில் விட்ட பிறகு, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். சேர அனுமதி கிடைத்தது என்று சொல்வதுதான் சரி. அனுமதி கொடுத்தவர் என் மாமியார். அத்தை என்று கூப்பிடுவேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். வாக்கியம் தமிழில் ஆரம்பித்தால் எங்கேயாவது கன்னடத்துக்குள் போய்த்தான் முடியும். பக்கத்துத் தெருவில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றில் காலைச் சமையல் அவருடையது. விடியுமுன் போனால் ஒன்பது மணிக்கு மேல்தான் திரும்புவார். என் கணவருக்கு மைசூரின் ஹெப்பாள் பகுதியில் தொழிற்சாலை வேலை. அவருடைய கம்பெனி பஸ் ஆறரைக்கே தெருமுனைக்கு வந்துவிடும். ஆகவே காலை நேரத்தில் வீட்டில் பாப்பாவும் நானும் மட்டும்தான். அவள் ஒரு இட்லி தின்ன முக்கால் மணி நேரம் எடுப்பாள், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான்.

கல்லூரியில் பணம் கட்டிவிட்டு வந்த அன்றே அத்தை சொல்லிவிட்டார். அவர் பேச்சில் கணே என்றால் அடியே, நோடிக்கறது என்றால் பார்த்துக்கொள்வது.

"ஒண்ணு கேட்டுக்கோ கணே. மத்தியானம் ஸ்கூல் விட்டதும் பாப்பாவை நான் கூட்டிட்டு வந்து நோடிக்கறேன். காலைல என்னால ஆகாது. என்னிக்கு அவ பட்டினியா ஸ்கூலுக்குப் போறாளோ, அன்னிக்கே உன் காலேஜு நின்னுது."

"சரிங்க அத்தை" என்றேன்.

"சரிங்ங்க" என்று என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டிவிட்டு உள்ளே போனார். எல்லையோரம் இருக்கும் எங்கள் ஹனூர்ப் பக்கத்துப் பேச்சு அவருக்கு எப்போதும் வேடிக்கை.

கல்லூரியில் மற்ற வகுப்புகள் பத்து மணிக்குத் தொடங்கின. ஒன்று மட்டும் எட்டு மணிக்கு. பத்தாம் வகுப்புவரை கன்னடத்தை ஒரு பாடமாகப் படிக்காதவர்களுக்கு அடிப்படைக் கன்னடம் கட்டாயம். எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டி நடத்துவதால் வேறு நேரம் அமையவில்லை என்றார்கள். முக்கால் பங்கு நாட்கள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் தேர்வு எழுத முடியாது, தேர்வு எழுதாவிட்டால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட் இல்லை, ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை. எட்டு மணி வகுப்புக்கு நான் ஏழேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பாப்பா கண்ணே திறந்திருக்க மாட்டாள். அந்தக் கால அட்டவணையைப் பார்த்த நிமிடமே என் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இதில் எனக்கு ஆத்திரம் மூட்டிய விஷயம், கன்னடம் எனக்குத் தெரியும் என்பது. நான் பிறந்தது கர்நாடகத்திலேயே, ஹனூர்ப் பக்கத்து ராமாபுரத்தில். வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும். ஐந்தாம் வகுப்புவரை அங்கேயே கன்னடப் பள்ளியில் படித்தேன். அதற்குப் பிறகுதான், மாமா வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருக்கிறாள், துணையாக இருக்கும் என்று சொல்லி, எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்ப் பள்ளி. கல்லூரி பார்ப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. அதில் கன்னடம் இல்லை. ஆகவே நான் கன்னடம் அறியாதவள்.

அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். சில பாடங்களுக்குத் தகுதித் தேர்வு உண்டு. எழுத்தும் நேர்முகமும் சேர்ந்து தேர்ச்சி பெற்றால் வகுப்புக்கு வராமலே கிரெடிட் கிடைக்கும். பட்டியலில் அடிப்படைக் கன்னடமும் இருந்தது. அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அலுவலகத்தில் போய், இது எனக்கும் பொருந்துமா என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டாமவர், "அவர்தான் ஆமான்னு சொன்னாரே, எங்க ரெண்டு பேருக்கும் சண்டை மூட்டறீங்களா?" என்றார்.

பெயர் கொடுத்த மறுநாள் அந்த ஆசிரியை என்னை வராந்தாவில் நிறுத்தினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கெஸ்ட் லெக்சரர். எடுக்கும் வகுப்புக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். அவர் பேசியதெல்லாம் கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த எக்ஸாமுக்குப் பேர் கொடுத்தது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"ஏன், என் கிளாஸ்ல உக்காந்தா குறைஞ்சு போயிடுவீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல மேடம். எட்டு மணிக்குக் குழந்தையை விட்டுட்டு..."

"குழந்தை எனக்கும் இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பத்துப் பேர் இல்லேன்னா இந்த கிளாஸையே மூடிருவாங்க. நீங்க ஒருத்தர் தாண்டினா பின்னாடியே நாலு பேர் தாண்டுவாங்க. அந்தப் பேரை எடுத்துடுங்க. நீங்க கிளாஸுக்கு வர வேண்டாம். அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன். கடைசியில வந்து பரீட்சை மட்டும் எழுதுங்க. உங்களுக்கும் கஷ்டம் இல்ல, எனக்கும் இல்ல."

எனக்கு வேண்டியதும் அதேதான். எட்டு மணிக்குப் போகாமல் இருக்க வேண்டும், கிரெடிட்டும் வேண்டும். தலையாட்டியிருந்தால் அந்த நிமிடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் தலையாட்டவில்லை. அது நேர்மையால் அல்ல. பிடிபட்டால் என்ன ஆகும் என்று, வராத நாளில் வந்ததாகப் பதிவு இருந்து யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று, அங்கே நின்றபடியே பயந்தேன்.

"பரீட்சையே எழுதிடறேன் மேடம்" என்றேன்.

"நல்ல பொண்ணு" என்றார். பாராட்டு இல்லை என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குக் கன்னடம் தெரியும்.

வீட்டில் இன்னொரு விதம். கன்னட எழுத்து விட்டுப்போயிருந்ததால், பாப்பா எழுதிப் பழகும் நேரத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அத்தை காபி டம்ளருடன் வந்து நின்று பார்த்தார்.

"பாப்பாவும் நீயும் ஒரே கிளாஸா? யாரு ஃபர்ஸ்ட்டு?"

"எழுத்துப் பரீட்சைங்க அத்தை. கையெழுத்து நல்லா வரோணும்."

"தரகாரிக் கடைக்காரன்கிட்ட நீ பேசற கன்னடத்துக்கு அவனே பயந்து கொத்தமல்லி சும்னே தர்றான். உனக்கு எதுக்கும்மா பரீட்சே?"

தரகாரி என்றால் காய்கறி. பரீட்சை எதற்கு என்றுதான் நானும் கல்லூரியிடம் கேட்க விரும்பினேன். ஆனால் அத்தையின் வாயில் கேட்டபோது எரிச்சலாக வந்தது.

எழுத்துத் தேர்வு சுலபம். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாநகராட்சிக்கு ஒரு கடிதம், ஒரு பத்தியைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில், அவ்வளவுதான். என்னுடன் இன்னும் சிலர் எழுதினார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் எனக்கு முன்வரிசையில் இருந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கன்னடத்தில் ஊர்ப் பெயர்ப் பலகைகூடப் படிக்க வராது. "சும்மா எழுதிப் பாக்கறேங்க்கா, ஒரு நாளாவது எட்டு மணி கிளாஸுக்கு எந்திரிக்காம இருக்கலாமேன்னு" என்றாள். அவள் தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே போனது.

நேர்முகத்தில்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவரும் அந்த ஆசிரியையும். சார் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். உங்கள் சின்ன வயதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார். இரண்டு வாக்கியம் போதும். மற்றவர்கள் என் பெயர் இது, என் ஊர் இது, எனக்குச் சோறு பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். ராமாபுரத்துப் பள்ளியில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நாங்கள் தமிழில் அடித்துக்கொள்வதையும், டீச்சர் தலை தெரிந்ததும் அதே சண்டையை வார்த்தைக்கு வார்த்தை கன்னடத்தில் தொடர்வதையும் சொன்னேன். மாமா வீட்டுக்குப் போகும்போது பாலாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறுகிற காவலர் எங்கே போகிறாய் என்று கேட்பார். இந்தப் பக்கத்துக் காவலருக்குக் கன்னடத்தில் மாமா வீட்டுக்கு என்பேன், பஸ் கொஞ்சம் நகர்ந்ததும் அந்தப் பக்கத்துக் காவலருக்குத் தமிழில் மாமா வீட்டுக்கு என்பேன். ஒரு தடவை மாற்றிச் சொல்லிவிட்டு, பையை மறுபடி திறந்து காட்ட வேண்டியதாயிற்று. சார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஒரே உற்சாகம். நன்றாகப் பேசினால் மதிப்பெண் கூடும் என்றுதானே எந்தப் பிள்ளையும் நினைக்கும்.

ஆசிரியை சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"அப்ப அஞ்சாவதுவரை கன்னட மீடியம்?"

"ஆமா மேடம்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலையே மேடம்."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யாரும் கேட்கவில்லை. ஆனால் வார்த்தை வெளியே வந்ததும் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"சார், இது கன்னடம் தெரியாதவங்களுக்கு வச்ச பேப்பர். இவங்க நம்ம ரெண்டு பேரைவிட வேகமாப் பேசறாங்க. கன்னடம் தெரிஞ்சவங்க இலக்கியப் பேப்பர்தானே எடுக்கணும்? கஷ்டமான பேப்பருக்குப் பயந்து இதுல வந்து ஒளிஞ்சிருக்காங்க."

"ஒளியலைங்க மேடம்" என்றேன். பயத்தில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தமிழில் வந்துவிட்டது.

"இப்ப மட்டும் தமிழா?" என்றார்.

சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பார்க்கலாம், வெளியே இருங்கள் என்றார். வெளியே உட்கார்ந்திருந்த தர்மபுரிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கன்னடம் தெரியாததுக்குப் பாஸாகாம போகப்போறவ நான். கன்னடம் தெரிஞ்சதுக்கு மாட்டிக்கிட்ட ஒரே ஆளு நீங்கதாங்க்கா."

என் தேர்வு முடிவை மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டில் அதை மறைக்க முடியவில்லை. ஒருவேளை மறைத்திருக்க வேண்டுமோ என்னவோ.

"ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் கணவர். "உனக்கு யாராவது கேட்டுட்டாப் போதும், ஊர்க்கதை முழுக்கச் சொல்லணும்."

"நம்ம வீட்ல எல்லாம் எங்க போனாலும் மாத்ருபாஷே கன்னடான்னு எழுதிட்டுப் போயிருவோம், ஒரு பிரச்சனையும் இல்லே" என்றார் அத்தை. "இவ ஒருத்திதான் இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லிட்டு வந்து மூக்கைச் சிந்தறா."

பாப்பாவை நர்சரியில் சேர்த்தபோது தாய்மொழி கன்னடம் என்று சொன்னவர் அத்தைதான். அன்று நான் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் பேசவில்லை.

முடிவு வரும்வரை எட்டு மணி வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. நான் போகவில்லை. வராத நாட்கள் சேர்ந்துகொண்டே போயின. தேர்வு கைவிட்டால் வகுப்பும் போச்சு என்ற கணக்கு எப்போதும் தலைக்குள் ஓடியது. பாப்பா சாப்பிட மறுத்தால் முன்பெல்லாம் கதை சொல்வேன். அந்த நாட்களில் அதட்டினேன். உன்னால்தான் இதெல்லாம் என்றுகூட ஒருநாள் வாயில் வந்துவிட்டது. அவள் அதைப் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. கன்னடத்தில் ஏதோ முனகிவிட்டு முழு இட்லியையும் தின்றாள்.

பிறகு ஒருநாள் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஆசிரியையும் அங்கே இருந்தார். விதியில் பத்தாம் வகுப்பு என்றுதான் இருக்கிறது, ஐந்தாம் வகுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை, எழுத்திலும் நேர்முகத்திலும் மதிப்பெண் இருக்கிறது, ஆகவே தேர்ச்சி என்றார் சார். அடுத்த வருடம் விதியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியையைப் பார்த்துச் சேர்த்துச் சொன்னார். நான் இருவருக்கும் நன்றி சொன்னேன். இருவருக்கும் சொன்னது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. ஆசிரியை எழுந்து கைப்பையை மாட்டினார்.

"எல்லாம் தெரியும்னா எதுக்கும்மா காலேஜுக்கு வர்றீங்க? வீட்லயே இருந்து பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போகலாமே. எங்க உயிரை ஏன் வாங்கறீங்க?"

சார் தன் கைபேசியில் எதையோ தேடினார். நான் வாசல் பக்கம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

ஆசிரியை வராந்தாவில் சொன்னதே நடந்தது. என்னோடு தேர்வு எழுதியவர்களில் இன்னும் இரண்டு பேர் தேறியிருந்தார்கள். வகுப்பில் பத்துப் பேர் இல்லாமல் போய், அடிப்படைக் கன்னடத்தை எங்கள் கட்டடத்தில் நிறுத்தினார்கள். மீதிப் பேர் ஊரின் இன்னொரு முனையில் இருக்கும் கிளைக்கு, ஏழரை மணி வகுப்புக்குப் போக வேண்டும். தர்மபுரிப் பெண் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வழியில் பார்த்தபோது, "நீங்க தாண்டிட்டீங்க. நாங்க இன்னும் முன்னாடியே எந்திரிக்கறோம்" என்றாள். அந்தத் தடவை அக்கா இல்லை. என்ன செய்திருக்கச் சொல்கிறாள்? நான் பெயர் கொடுக்காவிட்டாலும் மற்ற இரண்டு பேர் எழுதித்தான் இருப்பார்கள். அல்லது என்னைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதினார்களோ. எனக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் கோபப்பட அவளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

ஆசிரியையை அதன்பின் ஒரே ஒரு முறை பார்த்தேன். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைகள் பக்கம், பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பாப்பா பூக்காரம்மாவிடம் கன்னடத்தில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதிரே அவர். நான் வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பாப்பாவின் கன்னத்தைத் தொட்டார்.

"எவ்வளவு நல்லாப் பேசறே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கே தெரியும்" என்றாள் பாப்பா.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு, அவர் திட்டியிருந்தால் தேவலை. இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்டால் குத்துவதுபோல் ஆகுமோ என்று விட்டுவிட்டேன். கேட்காமல் விட்டது அதைவிட மோசமாகத் தெரிந்திருக்கும்.

இது இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த பருவத்துக்கான தாளை ஒட்டியிருக்கிறார்கள். இந்த முறை ஆங்கிலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் தகுதித் தேர்வு. இரண்டுமே மத்தியான வகுப்புகள், மத்தியானத்தில் வேறு வகுப்பு இல்லை. இரண்டையும் நான் எழுதித் தேறிவிடலாம். பெருமைக்குச் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தைப் பார்த்தேன், பள்ளியில் படித்ததுதான். இதைச் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "அப்டின்னா மத்தியானம் போக வேண்டியதே இல்லையா?"

"பாஸ் ஆனா வேண்டியதில்லைங்க."

"பன்னெண்டுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவே. பாப்பாவை நீயே கூட்டிட்டு வந்துரலாம்."

"அடுத்த வருஷமும் இப்படி நாலஞ்சு பேப்பர் இருக்குமாம், அம்மா" என்றார் கணவர், அவருடைய அம்மாவிடம். "ஒவ்வொண்ணா எழுதித் தாண்டிட்டா கடைசி வருஷம் போகவே வேண்டியதில்ல. வீட்லயே இருந்து பட்டம்."

"சென்னாகிதே இந்த ஏற்பாடு" என்றார் அத்தை. நல்லா இருக்கே என்று அர்த்தம். என் படிப்பைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, பி.ஜி.யில் மத்தியானச் சமையலையும் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். என் மருமகள் இனிமே வீட்டில்தான் இருப்பாள் என்று அந்த வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாயிற்று. நான் இன்னும் பெயரே கொடுக்கவில்லை.

"அத்தை, எனக்கு மத்தியானம் கிளாஸுக்குப் போகோணும்" என்றேன்.

"எதுக்கு?"

"படிக்கத்தானுங்க."

"தெரியும்னு நீயே சொன்னியே. கன்னடத்துக்கு அவ்வளவு சண்டை போட்டே, தெரிஞ்சதுக்கு எதுக்குப் போகணும்னு. இப்ப தெரிஞ்சதுக்குப் போகணும்ங்கறே. எது நெஜம் கணே? மத்தியானம் நான் தூக்கம் விட்டு உன் பொண்ணை நோடிக்கணும், நீ தெரிஞ்ச இங்கிலீஷைப் போய்க் கேட்டுட்டு வரணும். அப்டித்தானே?"

கணவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அம்மா கேக்கறதுல தப்பு இல்லியே" என்றார்.

தப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆசிரியை கேட்ட அதே கேள்வி, இப்போது என் வீட்டுக்குள், என்னுடைய வாதத்தையே கையில் வைத்துக்கொண்டு. காலை வகுப்பைத் தாண்டிக் கல்லூரியைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தேன். அதே வழியாகக் கல்லூரி கைவிட்டுப் போகிறது.

ஆங்கில வகுப்பில் நான் என்ன செய்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலோரம், கடைசிக்கு முந்தைய பெஞ்ச். சார் புத்தகத்தை வரி வரியாக வாசிப்பார். எனக்குத் தெரிந்த வரிகள்தான். பக்கத்தில் இருப்பவள் வேர்க்கடலை கொடுப்பாள். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. பால் பொங்குமோ என்று காது அடுப்படிக்குப் போவதில்லை. சார் எப்போதாவது ஒரு கேள்வி கேட்டால், எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தால், கை தானாக மேலே போகும். இதற்கு எந்தத் தாளிலும் கிரெடிட் இல்லை. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? விடியுமுன்னிருந்து பி.ஜி. அடுப்படியில் நின்று கால் வலியோடு வருகிற மனுஷியிடம், நான் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்றா? தர்மபுரிப் பெண் கேட்டால் என்னைச் சும்மா விடுவாளா? எட்டு மணிக்கு வராமலிருக்கக் குழந்தையைக் காரணம் சொன்னவள் மத்தியானம் வருவதற்கு எதைக் காரணம் சொல்வாள் என்று அந்த ஆசிரியை கேட்டால்?

பாப்பாவைப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. மத்தியானம் நான் வீட்டில் இருந்தால் அவளுக்கு நல்லதுதான். நல்லதுதானா? முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் காலை நேரம் முழுவதும் நான் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவளை அதட்டினேன்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. எனக்குத் தெரிந்த வழிகள் சில. பெயர் கொடுத்து, எழுதித் தேறி, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெயரே கொடுக்காமல், நாள் தவறிவிட்டது என்று வீட்டில் பொய் சொல்லலாம். பெயர் கொடுத்துவிட்டு, தெரிந்த கேள்விகளைத் தெரியாததுபோல வெள்ளையாக விட்டுவிட்டுத் தோற்று வரலாம். கடைசி வழி இரண்டு மூன்று முறை மனசில் வந்து போயிற்று. அது வந்தபோதெல்லாம் எழுந்து போய் வேறு வேலை பார்த்தேன். அந்தத் தாளையும் இன்னொரு கெஸ்ட் லெக்சரர்தான் திருத்துவார். என் வெள்ளைத் தாளைப் பார்த்து, வகுப்புக்கு ஓர் ஆள் மிஞ்சியது என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

இதைப் படிப்பவர்களில் இப்படிப் பரீட்சை எழுதி வகுப்பைத் தாண்டியவர்கள் இருப்பீர்கள். தாண்டியதால் வகுப்பை இழந்த ஆசிரியர்களும் இருக்கலாம். மருமகளின் குழந்தையை மத்தியானத் தூக்கம் விட்டுப் பார்த்துக்கொள்கிற மாமியார்களும் இருக்கலாம், அவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள். நான் பெயர் கொடுக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால், தெரிந்த பாடத்துக்கு எதற்குப் போகிறாய் என்று அத்தை மறுபடி கேட்கும்போது நான் அவருக்கு என்ன சொல்ல வேண்டும்? அவர் நம்பும்படியாக ஒரு பதில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நானும் நம்பும்படியாக இருந்தால் இன்னும் நல்லது.